சேர்வராயன் உச்சிக்கு முந்தைய இரவு

சேலத்துக்கு வடக்கே சுவர்போல எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையில் ஏறுவதற்கு இன்று ஒரு முற்பகல் போதும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, மேலும் சில கிலோமீட்டர் சென்றால், ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு அருகிலேயே வண்டியை நிறுத்திவிடலாம். சாமி கும்பிட்டு, காற்று வாங்கி, படம் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குச் சேலம் திரும்பிவிடலாம். நானும் சிறு வயதிலிருந்து அப்படித்தான் போய்வந்திருக்கிறேன். ஆனால், சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே நகரத்துக்கும் உச்சிக்கும் இடையே 1,300 மீட்டருக்கும் அதிகமான ஏற்றம் இருக்கிறது. அந்த ஏற்றத்தைக் காலால் அளக்க வேண்டும், இடையில் ஓர் இரவு மலையிலேயே தங்க வேண்டும் என்ற ஆசை பல ஆண்டுகளாக எனக்குள் இருந்தது. கடந்த தை மாதத்தில் அது நிறைவேறியது.

ஆசையைத் தூண்டியவன் என் அக்காள் மகன். அவன் நேபாளத்தில் அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடந்து வந்தவன். 4,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த முகாமைப் பற்றி அவன் சொன்னதைக் காட்டிலும், வழியில் தங்கிய விடுதிகளைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். பலகைச் சுவர் வைத்த சிறு அறைகளில் குளிர்காயும் அடுப்பு கிடையாது; அடுப்பு எரிவது சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான். எனவே வெவ்வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இரவு அந்த ஒரே கூடத்தில் நெருங்கி உட்கார்ந்து, மறுநாள் வழி எப்படி இருக்கும் என்று பேசிக்கொள்வார்கள். எந்த வீட்டில் படுக்கிறோமோ அந்த வீட்டிலேயே சாப்பிட வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத ஒப்பந்தம். படுக்கைக்குச் சிறு தொகைதான், வீட்டுக்காரரின் வருமானம் சாப்பாட்டில் இருக்கிறது. "மாமா, அந்த ராத்திரிங்க இல்லைன்னா எனக்கு அந்த மலையே தெரிஞ்சிருக்காது" என்று அவன் சொன்னான்.

மலையேறுவோர் தங்கும் குடில்கள் பெரிய மலைகளில் எதற்காகத் தோன்றின என்பதை எண்ணிப் பார்த்தால், அவன் சொன்னதன் பொருள் இன்னும் விளங்கும். பிரான்சில், ஆல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மோன் பிளாங்க் உச்சிக்குச் செல்லும் வழியில் 3,835 மீட்டர் உயரத்தில் கூத்தே குடில் இருக்கிறது. உலோகத் தகடு போர்த்திய முட்டை வடிவக் கட்டடமாகப் புதிதாகக் கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. 120 பேர் தங்கலாம். அங்கே குழாய் நீர் இல்லை. பனியை உருக்கித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். ஆகவே குடிநீருக்கும் விலை உண்டு. குளியலுக்கு இடமே இல்லை. ஆல்ப்ஸ் குடில்களில் பனிக் காலணிகளை வாசலருகிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வேறு செருப்பு அணிவதும், சொந்தத் துணியுறைக்குள் புகுந்துகொண்டு குடிலின் கம்பளியைப் போர்த்துவதும், இரவு உணவை எல்லோரும் ஒரே நேரத்தில் உண்பதும், சீக்கிரமே விளக்கை அணைத்துவிடுவதும் வழக்கம். குடிலைப் பார்த்துக்கொள்பவர் மாலையில் மறுநாளின் வானிலையை அறிவிப்பார். பின்னிரவில் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ மலையேறிகள் புறப்பட்டுவிடுவார்கள். வெயில் ஏறிப் பனி இளகுவதற்கு முன்னால், கற்கள் உருளத் தொடங்குவதற்கு முன்னால், ஆபத்தான சரிவுகளைக் கடந்துவிட வேண்டும். இந்த விதிகள் எல்லாவற்றையும் வகுத்தது மலை. மனிதர் அவற்றைச் சுவரில் எழுதி ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் என்னை மிகவும் கவர்ந்தது. பருவம் முடிந்து, பார்த்துக்கொள்பவர் கீழே இறங்கிவிட்ட பிறகும், பல ஆல்ப்ஸ் குடில்களில் ஓர் அறை மட்டும் பூட்டாமல் விடப்படுகிறது. அதில் கம்பளியும், சில இடங்களில் அடுப்பும் விறகும் இருக்கும். பனிப்புயலில் வழி தவறி வருகிற யாரோ ஒருவருக்காக, யார் என்று தெரியாமலே வைக்கப்பட்ட அறை அது. வழிப்போக்கருக்குச் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் வைத்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு அந்த மனம் அந்நியமானதல்ல. இலங்கையில் 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாதமலைக்கு இரவெல்லாம் ஏறும் யாத்திரிகர்கள் வழியிலுள்ள அம்பலங்கள் என்னும் தங்குமடங்களில் சற்று நேரம் சாய்ந்துகொள்வதும், பருவதமலை உச்சியில் பக்தர்கள் பாய் விரித்து விடியலுக்குக் காத்திருந்ததும் இதே மரபின் கிளைகள்தாம். நம் சேர்வராயன் மலையில் வண்டிச் சாலை வந்ததும் அந்த இரவு மறைந்துபோனது என்பதுதான் என் வருத்தம்.

வனத்துறையின் அனுமதியோடு, மலைக்கிராமத்தைச் சேர்ந்த ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, நானும் அக்காள் மகனும் குப்பனூர்ப் பக்கத்துச் சரிவில் நடக்கத் தொடங்கினோம். ஒரு காலத்தில் மேலேயிருந்து சந்தைக்குத் தலைச்சுமையோடு இறங்கி வந்தவர்கள் பயன்படுத்திய ஒற்றையடிப் பாதை, சில இடங்களில் தெளிவாகவும் சில இடங்களில் முட்புதர் மூடியும் கிடந்தது. கீழ்ச்சரிவு வறண்ட காடு. தை மாதம் என்றாலும் பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிட்டது. தலைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் சுமந்திருந்தோம். வழிகாட்டி, "சார், இந்தப் பக்கம் மேல ஊத்து வர்ற வரைக்கும் ஒரு சொட்டுகூடக் கிடைக்காது, பாத்துக் குடிங்க" என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு முதல் ஏழு டிகிரி வரை வெப்பம் குறையும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதை உடல் அறிந்துகொள்வது நடக்கும்போதுதான். வியர்வை காய்ந்து, சட்டைக்குள் காற்று குளிர்ந்து, மூங்கில் குத்துகள் தோன்றி, ஒரு திருப்பத்தில் சில்வர் ஓக் மரங்களும் அவற்றைத் தழுவிய மிளகுக் கொடிகளும் நிழலில் காப்பிச் செடிகளும் தென்பட்டபோது, வேறொரு தேசத்துக்குள் நுழைந்ததாகவே தோன்றியது. இந்தக் காப்பியை 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பிருந்தே இங்கே வாழ்ந்து சாமையும் ராகியும் விதைத்து வந்தவர்கள் மலையாளிப் பழங்குடியினர். எங்களுக்கு இரவு இடம் கொடுத்ததும் அவர்களில் ஒரு குடும்பம்தான்.

ஊரின் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. கொட்டச்சேட்டுக்கு அப்பால், சாலையிலிருந்து விலகிய ஒரு சிற்றூர் என்று மட்டும் சொல்கிறேன். ஓடு வேய்ந்த வீடு, முன்னால் திண்ணை, பக்கவாட்டில் காப்பிக் கொட்டை மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஓர் அறை. வாசலுக்கு எதிரே சிமென்ட் களத்தில் பறித்த காப்பிப் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டின் மூத்தவரான ஆயா, நாங்கள் களத்தை மிதிக்காமல் சுற்றி வந்ததைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்து, "வாங்க தம்பி, வா கண்ணு, செருப்ப அந்தக் கல்லுகிட்ட விட்டுட்டு வாங்க" என்றார். ஆல்ப்ஸ் மலைக் குடிலின் வாசலில் என்ன சொல்வார்களோ அதுவே இங்கும் முதற்சொல்லாக வந்தது என்று என் மருமகன் பிறகு மகிழ்ந்து சொன்னான்.

அந்த வீட்டின் நாள் தண்ணீரைச் சுற்றித்தான் சுழன்றது. குழாய் இருந்தது, ஆனால் அதில் தண்ணீர் வருவது உறுதியில்லை. குடிக்கவும் சமைக்கவும் சற்றுத் தொலைவில் பாறையடியில் கசியும் ஊற்றிலிருந்து குடத்தில் எடுத்து வந்தார்கள். இம்மலையின் தலைப்பகுதியில் பாக்சைட் கலந்த, நுண்துளைகள் நிறைந்த செம்மண் படிந்திருக்கிறது. அதற்கடியில் சார்னோகைட் என்னும் கெட்டியான பாறை. மழை நீரை மேல்மண் உறிஞ்சிக்கொள்ள, கீழ்ப்பாறை தடுத்து நிறுத்த, இரண்டும் சந்திக்கும் இடங்களில் அது ஊற்றாக வெளிவருகிறது. மேல்மண்ணை வெட்டியெடுத்தாலோ அதன்மேல் கட்டடம் எழுப்பினாலோ கீழே ஊற்று என்னவாகும் என்பதைப் புவியியல் படிக்காத ஆயாவே சொன்னார். வீட்டுப் பெண்கள் இருவர் எங்கள் மூவருக்காகவும் கூடுதலாகக் குடம் சுமக்கப் போகிறார்கள் என்பது தெரிந்ததும், நானும் மருமகனும் ஊற்றுக்குப் போனோம். முதலில் தடுத்தார்கள், பிறகு பாறையில் எந்த இடம் வழுக்கும் என்று காட்டிக் கொடுத்தார்கள். அன்று மாலை முகம் கை கால் கழுவியதோடு சரி. குளிக்கவில்லை, யாரும் குளிக்கச் சொல்லவும் இல்லை.

இருட்டியதும் குளிர் சட்டென்று இறங்கியது. சமையலறையில் விறகடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். ராகிக் களியும் தை மாதத்து மொச்சைக் குழம்பும் பரிமாறினார்கள். ஆயாவுக்கு மட்டும் சாமைச் சோறு. களியை விரலால் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கும்போது, அன்று ஏறிய ஏற்றத்தின் வலி தொடைகளிலிருந்து மெல்ல விலகிப் போவதை உணர்ந்தேன். ஆயாவின் மகன், எனக்கு அண்ணன் வயதிருக்கும், தம் முன்னோர் இம்மலைக்கு வந்த கதையைச் சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்தார்களாம். பெரியண்ணன் இந்தச் சேர்வராயன் மலையில் தங்கிவிட, நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். நூல்களில் படித்திருந்த கதைதான். ஆனால் சொல்லும்போது அவர் கையை நீட்டி, இருட்டில் கொல்லிமலை எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டினார். "அது சின்னவரு மலை. அங்கிருந்து பொண்ணெடுப்போம்" என்று அவர் சொன்னபோது, நான் படித்த கதை உறவுமுறையாக மாறியது. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தால் இந்தத் திசை எனக்குத் தெரிந்திருக்காது.

உணவுக்குப் பின் அவர் எங்களுக்கு மூன்று விஷயங்களைச் சொன்னார். காப்பித் தோட்டத்தில் காட்டுமாடு நிற்கிறது. இரவில் கழிவறைக்குப் போவதானாலும் தன்னை எழுப்ப வேண்டும், டார்ச் விளக்கை முதலில் தோட்டத்தின் பக்கம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். காய்கிற காப்பி அருகே சிகரெட்டோ நெருப்போ கூடாது. காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்பட வேண்டும். மூன்றாவதைக் கேட்டு மருமகன் சற்று ஏமாற்றம் அடைந்தான். உச்சியில் சூரிய உதயம் பார்க்க நான்கு மணிக்கே கிளம்பும் எண்ணம் அவனுக்கு இருந்தது. அண்ணன் இசையவில்லை. சேர்வராயன் மலையின் காட்டெருமைகள் விடியற்காலையில் தோட்டத்து வழிகளில் மேய்ந்துகொண்டிருக்கும். மங்கலான வெளிச்சத்தில் கறுத்த உடலும் மர நிழலும் ஒன்றாகவே தெரியும். பத்தடி தொலைவில் எதிர்ப்பட்டால் ஓட இடம் இருக்காது. இப்படித் தாக்கப்பட்டவர்களைப் பற்றிச் சேலம் செய்தித்தாள்களில் அவ்வப்போது படித்திருக்கிறோம். ஆல்ப்ஸில் பாதுகாப்புக்காகப் பின்னிரவில் கிளம்புகிறார்கள், இங்கே பாதுகாப்புக்காக விடியும்வரை காத்திருக்கிறார்கள். நேரம் நேர்மாறாக இருந்தாலும் அதைச் சொல்பவரின் அதிகாரம் ஒன்றுதான்; அந்த மலையோடு வாழ்ந்து தெரிந்துகொண்டவரின் சொல் அது. அதைக் கேட்டு நடப்பது மலையேற்றத்தில் பெரும்பகுதி என்று நான் நினைக்கிறேன்.

மூட்டைகள் அடுக்கிய அறையில் கோரைப்பாய் விரித்துக் கொடுத்தார்கள். காய்ந்த காப்பிக் கொட்டையின் மணத்தில் வறுத்த காப்பியின் வாசனை துளியும் இல்லை. சாக்கும் வைக்கோலும் கலந்த ஒரு மணம் அது. நடு இரவில் நாய் குரைத்தது. கனமான ஏதோ ஒன்று செடிகளை ஒடித்துக்கொண்டு நகரும் ஒலி நெடுநேரம் கேட்டது. அண்ணன் எழுந்து தகரத்தை இரண்டு முறை தட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோட்ட வழிகளும் ஊர்ச்சாலையும் மாறி மாறி வந்தன. உச்சியை நெருங்கும்போது மரங்கள் குறைந்து, புல்வெளியும் காற்றும் மட்டும் எஞ்சின. சேர்வராயனும் காவேரி அம்மனும் குடிகொண்டிருக்கும் கோயில், குனிந்து நுழையும் ஒரு குகை. அந்தக் குகை காவிரியோடு தொடர்புடையது என்பது ஊரார் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு ஏற்காட்டின் 67 மலைக்கிராமங்களிலிருந்தும் மக்கள் இங்கே கூடுவார்கள். முன்பு வண்டியில் வந்தபோதெல்லாம் இதை ஒரு காட்சிமுனையாகவே கண்டிருந்த நான், இந்த முறை குகைக்குள் நின்றபோது, முந்தின இரவு சோறிட்டவர்களின் குலசாமி முன்னால் நிற்கிறோம் என்ற உணர்வோடு நின்றேன். வெளியே வந்து பார்த்தால் தெற்கே சேலம் நகரமும் கஞ்சமலையும் வெயில் மங்கலில் தெரிந்தன. எங்களுக்கு அருகே நின்றிருந்த கார்களில் வந்தவர்களின் மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. முதியவர்களும் குழந்தைகளும் சாமியைப் பார்க்க அந்தச் சாலை வேண்டும். நடந்து வருகிறவர்களுக்கும் இந்த மலையில் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது இன்னொரு ரிசார்ட்டாக இருக்கக் கூடாது. வெந்நீர்க் குழாயும் நீச்சல் குளமும் வைத்த கட்டடம் ஊற்றுகளைக் குடித்துவிடும். அதில் தங்குகிறவருக்கு மலை சன்னலுக்கு வெளியே தெரியும் படமாக மட்டுமே இருக்கும். மலைக்கிராமத்து வீடுகளிலேயே, அல்லது ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில், எட்டுப் பத்துப் பேர் மட்டும் தங்கும்படி, கிராம சபையின் பொறுப்பில் அது நடக்க வேண்டும். கட்டணம் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் புறப்படும்போது ஆயா பணம் வாங்க மறுத்தார். வெகுநேரம் பேசித்தான் காப்பிக் கொட்டையும் மிளகும் விலைக்கு வாங்குவதாக ஒத்துக்கொள்ள வைத்தோம். அந்த அன்பு ஒரு குடும்பம் எப்போதாவது வரும் விருந்தாளிக்குக் காட்டுவது. வாரந்தோறும் அந்நியர்கள் வந்தால் அந்த அன்பைச் சுரண்டுவதாகவே முடியும். குடம் சுமப்பதும் களி கிளறுவதும் பெண்களின் கூலியில்லா வேலையாகிவிடும். எழுதி வைத்த நியாயமான கட்டணமும், அது அந்தப் பெண்களின் கைக்கே போய்ச் சேரும் ஏற்பாடும்தான் விருந்தோம்பலுக்குச் செய்யும் மரியாதை. தண்ணீர் எடுப்பதிலும் தட்டுக் கழுவுவதிலும் தங்குகிறவர்களும் பங்கு கொள்ள வேண்டும்.

அனுமதியும் வழிகாட்டியும் இல்லாத நடைக்கு இடமே கொடுக்கக் கூடாது. 2018 மார்ச் மாதத்தில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு விதிகள் இறுகின. 2024-இல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்து, உள்ளூர் மக்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது நல்ல தொடக்கம். அந்த வழிகாட்டிகளின் வீடுகளுக்கும் அந்த ஏற்பாடு நீள வேண்டும். எந்த வழியில் தீ பரவும், எந்த ஊற்று மாசியில் வற்றும், காட்டெருமைக் கூட்டம் இந்த வாரம் எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்பவையெல்லாம் அந்த அடுப்பங்கரைகளில் தினமும் பேசப்படுகின்றன. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு மறுநாள் காட்டுக்குள் போகிறவர், கேட்காமல் போகிறவரைவிடப் பாதுகாப்பாகத் திரும்புவார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மார்கழி, தை மாதங்கள் நடக்க ஏற்றவை. மாசி பிறந்து காடு காயத் தொடங்கிவிட்டால் வனத்துறை பாதைகளை மூடிவிடக்கூடும்; கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும் இருக்கும். கீழ்ச்சரிவுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், இரவுக்குச் சொந்தப் போர்வை, ஆளுக்கொரு டார்ச், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. திருவிழா நாட்களில் ஊர்க்காரர்களுக்குத் தம் உறவினரைக் கவனிக்கவே நேரம் போதாது. அப்போது தங்க இடம் கேட்டுப் போகாதீர்கள். களத்தில் காப்பி காய்ந்தால் சுற்றிப் போங்கள்.